டயோடு மாடலில் ஒரு எண் சேர்த்தேன், 0.65 வோல்ட் காணாமல் போய்விட்டது

ஆறாவதுசெம் | திங்கள், இரவு 9.12

வணக்கம். இரண்டு நாளாக மண்டை காய்கிறது. எல்டி ஸ்பைஸில் (சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) சாதாரண அரை அலை ரெக்டிஃபயர் (அலையின் ஒரு பாதியை மட்டும் விடுவது) ஒன்று வரைந்தேன். 5 வோல்ட் உச்சம் உள்ள 50 ஹெர்ட்ஸ் சைன் அலை, ஒரு 1என்4148 டயோடு, 1 கிலோ ஓம் லோடு. அவ்வளவுதான், ஃபில்டர் கெப்பாசிட்டர் கூட இல்லை.

லேபில் இதையே ப்ரெட்போர்டில் போட்டு சிஆர்ஓவில் (அலையைத் திரையில் காட்டும் கருவி) பார்த்தபோது லோடில் உச்சம் ஏறக்குறைய 4.4 வோல்ட். சிமுலேஷன் 4.9975 என்கிறது. டயோடில் எதுவுமே விழவில்லை. எர்ரர் இல்லை, எச்சரிக்கை இல்லை, ரன் கொடுத்தால் சமர்த்தாக ஓடி முடிகிறது. புதன்கிழமை ரெக்கார்டு நோட்டு வைக்க வேண்டும். யாராவது காப்பாற்றுங்கள்.

புகைவாசம் | திங்கள், இரவு 9.20

டயோடு ஷார்ட் ஆகிவிட்டது. வேறு வாங்கிப் போடுங்கள், ஒரு ரூபாய்தான்.

கீகேட்தோழி | திங்கள், இரவு 9.34

புகைவாசம் விளையாட்டாகச் சொன்னாலும் கேள்வி நியாயமானதுதான். எதிர் அரைச்சுற்றில் லோடில் என்ன தெரிகிறது? அங்கேயும் மைனஸ் 5 வந்தால் ப்ரோபை சோர்ஸ் பக்கமே வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். எனக்கு அது நிறைய முறை நடந்திருக்கிறது.

இன்னொன்று, சைன் சோர்ஸில் கொடுக்கும் ஆம்ப்ளிட்யூட் உச்ச மதிப்பு, ஆர்எம்எஸ் அல்ல. 5 என்றுதான் போட்டிருக்கிறீர்களா?

ஆறாவதுசெம் | திங்கள், இரவு 9.51

எதிர் அரைச்சுற்றில் பூஜ்யம் அக்கா, சுத்தமாக வெட்டுகிறது. ஆம்ப்ளிட்யூட் 5 தான். ப்ரோப் லோடு முனையில்தான் இருக்கிறது, மூன்று முறை பார்த்துவிட்டேன்.

ஈயம்70 | திங்கள், இரவு 10.15

தம்பி, படத்தைப் பார்த்துப் பயன் இல்லை. மெனுவில் வியூ போய் ஸ்பைஸ் நெட்லிஸ்ட் (எந்த உறுப்பு எங்கே இணைந்திருக்கிறது என்ற எழுத்துப் பட்டியல்) திற. அதில் உள்ளதை அப்படியே இங்கே சொல். நீ வரைந்ததை மென்பொருள் படிப்பதில்லை, அந்த நெட்லிஸ்டைத்தான் படிக்கிறது.

ஆறாவதுசெம் | திங்கள், இரவு 10.40

ஐயா, மன்னிக்கவும். நெட்லிஸ்டைப் பார்த்ததும்தான் ஒன்றைச் சொல்லாமல் விட்டது உறைத்தது. போன வாரம் டயோடின் உள் ரெசிஸ்டன்ஸ் கூடினால் என்ன ஆகும் என்று பார்க்க, லைப்ரரியில் இருந்த 1என்4148 மாடலை நகலெடுத்து வேறு பெயர் கொடுத்துத் திருத்தினேன். மூல மாடலில் ஐஎஸ் (சாச்சுரேஷன் கரண்ட்) 2.52 நானோ, என் (வளைவின் சரிவைத் தீர்மானிக்கும் எண்) 1.752, ஆர்எஸ் (உள் ரெசிஸ்டன்ஸ்) 0.568 என்று இருந்தது. ஐஎஸ், என் இரண்டையும் தொடவில்லை. ஆர்எஸ்ஸை எடுத்துவிட்டு ஆர்ஆன்=0.5 என்று போட்டேன். ஒரு நண்பனுடைய ஃபைலில் டயோடுக்கு ஆர்ஆன் என்று பார்த்திருந்தேன், இரண்டும் ஒன்று என்று நினைத்தேன். அரை ஓமில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது?

வேஃபர்பித்தன் | திங்கள், இரவு 10.58

"1என்4148 டயோடு" என்று சொன்னது 1என்4148 இல்லை என்றாகிவிட்டது :)

ஒரே பெயரில் இரண்டு மாடல் இருந்து லைப்ரரியில் உள்ளது ஒன்று, நீங்கள் எழுதியது ஒன்று என்று குழம்பியதோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். ஆனால் வேறு பெயர் வைத்ததாகச் சொல்கிறீர்கள், அதனால் அது இல்லை.

ஈயம்70 | திங்கள், இரவு 11.05

காரணம் பிடிபட்டுவிட்டது. ஆனால் உடனே சொல்ல மாட்டேன், நீயே பார்த்தால்தான் மறக்காது. ரெக்டிஃபயரை மூடி வை. புது ஷீட்டில் ஒரு கரண்ட் சோர்ஸ், அந்த டயோடு, கிரவுண்ட், மூன்று மட்டும். டிசி ஸ்வீப் கொடு, 0 முதல் 10 மில்லிஆம்பியர் வரை. டயோடின் மேல் வோல்டேஜைப் பார். அப்புறம் மாடல் பெயரை மட்டும் மாற்றி லைப்ரரி 1என்4148க்கும் அதையே செய்.

ஆறாவதுசெம் | செவ்வாய், காலை 6.48

செய்துவிட்டேன். லைப்ரரி டயோடுக்குப் புத்தகத்தில் உள்ள வளைவு வருகிறது. 1 மில்லிஆம்பியரில் 0.58 வோல்ட், 10 மில்லிஆம்பியரில் 0.69.

என் டயோடுக்கு நேர்கோடு. பூஜ்யத்தில் தொடங்கி ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல. 10 மில்லிஆம்பியரில் 5 மில்லிவோல்ட். இது டயோடே இல்லை, அரை ஓம் ரெசிஸ்டர்!

ஈயம்70 | செவ்வாய், காலை 7.30

அதேதான். எல்டி ஸ்பைஸில் டயோடைக் குறிக்கும் "டி" என்ற எழுத்துக்குப் பின்னால் இரண்டு டயோடுகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று நாம் படித்தது. ஐஎஸ், என், ஆர்எஸ் கொடுத்தால் எக்ஸ்பொனென்ஷியல் வளைவு. இன்னொன்று நேர்கோட்டுத் துண்டுகளால் ஆன எளிய டயோடு. அதற்கு ஆர்ஆன் (கடத்தும்போது ரெசிஸ்டன்ஸ்), ஆர்ஆஃப் (கடத்தாதபோது ரெசிஸ்டன்ஸ்), விஎஃப்டபிள்யூடி (முன்திசை வோல்டேஜ்) மாதிரி அளவுகள். எது வேண்டும் என்று கேட்க தனிப் பொத்தான் எதுவும் கிடையாது. ஆர்ஆன், ஆர்ஆஃப், விஎஃப்டபிள்யூடி, விரெவ், ஆர்ரெவ் ஐந்தில் ஏதாவது ஒன்று மாடல் வரியில் இருந்தால் போதும், மென்பொருள் இரண்டாவது டயோடுக்குத் தாவிவிடும். நீ பத்திரமாகக் காப்பாற்றி வைத்த ஐஎஸ், என் இரண்டும் அங்கேயே உட்கார்ந்திருக்கும், வளைவில் யாரும் அவற்றைச் சீண்ட மாட்டார்கள்.

அடுத்த அடி இன்னும் சுவாரசியம். தாவிய பிறகு நீ கொடுக்காதவற்றுக்கெல்லாம் இயல்பு மதிப்பு வருகிறது. விஎஃப்டபிள்யூடி கொடுக்கவில்லை, அதன் இயல்பு மதிப்பு பூஜ்யம். ஆகவே முன்திசையில் விழும் வோல்டேஜ் பூஜ்யம், மிச்சம் அரை ஓம் மட்டும். 5 வோல்ட்டை 1000.5 ஓமால் வகுத்து 1000ஆல் பெருக்கிப் பார், உன் 4.9975 வரும். கணக்கு ஒரு இழை பிசகவில்லை. கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறது.

"அரை ஓமில் என்ன வித்தியாசம்" என்று கேட்டாயே, அதுவும் சரியான கேள்விதான். 5 மில்லிஆம்பியரில் அரை ஓம் என்பது இரண்டரை மில்லிவோல்ட். நீ பார்க்க நினைத்த விளைவு இந்த சர்க்யூட்டில் கண்ணுக்கே தெரிந்திருக்காது. பார்க்க வேண்டுமானால் ஆர்எஸ்ஸை 50 ஓம் ஆக்கு.

டெஸ்ட்கேஸ் | செவ்வாய், காலை 9.02

நான் மின்னணு ஆள் இல்லை, மென்பொருள் சோதிக்கும் வேலை. பொழுதுபோக்காக ஆம்ப்ளிஃபயர் செய்கிறேன். இதைப் படித்ததும் ரத்தம் கொதிக்கிறது. ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு அமைப்புகளை ஒருவர் கொடுத்தால், அதில் ஒன்றைச் சத்தமில்லாமல் தூக்கி எறிவது என்ன நியாயம்? "ஐஎஸ் புறக்கணிக்கப்பட்டது" என்று லாகில் ஒரு வரி எழுத எவ்வளவு செலவாகும்? எங்கள் அலுவலகத்தில் இதைப் பக் என்று பதிவு செய்வேன்.

ஈயம்70 | செவ்வாய், காலை 9.40

ஹெல்ப்பில் டயோடு பக்கத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள் சார். படிக்காதது யார் குற்றம்?

டெஸ்ட்கேஸ் | செவ்வாய், காலை 9.47

படிக்காமல் விழுந்தால் குழி வெட்டியவர் மேல் தப்பில்லையா?

வேஃபர்பித்தன் | செவ்வாய், மதியம் 1.15

இருவரும் சண்டை போடுவதற்கு முன், இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இந்த மென்பொருள்களுக்கெல்லாம் மூலமான ஸ்பைஸ் 1973இல் பெர்க்லியில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வெளியானது. எழுதியவர் லாரன்ஸ் நேகல், அவருடைய வழிகாட்டி டொனால்ட் பெடர்சன். முதல் இரண்டு பதிப்பும் ஃபோர்ட்ரானில் எழுதியவை, சர்க்யூட்டைத் துளையட்டைகளில் குத்திக் கொடுக்க வேண்டும். உள்ளீட்டு ஃபைலை இன்றும் "டெக்" என்று சொல்கிறோமே, அது அந்த அட்டைக்கட்டுதான். கூடுதலாக ஏதாவது இருந்தால் ஓட்டத்தை நிறுத்துவது என்றால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அதனால் முடிந்தவரை ஏதோ ஒரு முடிவெடுத்து ஓடிவிடுவது அந்தக் காலத்தில் கருணை. (இந்தக் கடைசி வாக்கியம் என் ஊகம், சத்தியம் செய்ய மாட்டேன்.)

இது டயோடோடு நிற்கவில்லை. மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) லெவல் 1 மாடலில் என் கதையைக் கேளுங்கள். எம்டெக் முதல் ஆண்டில் எலக்ட்ரான் மொபிலிட்டி குறைந்தால் டிரெயின் கரண்ட் எப்படிக் குறைகிறது என்று வரையச் சொன்னார்கள். மொபிலிட்டியைக் குறிக்கும் யுஓவை 600இலிருந்து 300 ஆக்கினேன். கரண்ட் அசையவில்லை. 100 ஆக்கினேன். அசையவில்லை. இரவு இரண்டு மணிக்கு வெறுத்துப் போய் 1 ஆக்கினேன், அப்போதும் இல்லை!

மாடல் வரியில் கேபி=50 மைக்ரோ என்று இருந்தது. கேபி என்பதே மொபிலிட்டியை ஆக்சைடு கெப்பாசிட்டன்ஸால் பெருக்கியதுதான். டாக்ஸ் (ஆக்சைடு தடிமன்) 20 நானோமீட்டர், யுஓ 600 என்று கொடுத்தால் மென்பொருளே கணக்கிட்டு 103.6 மைக்ரோ அளவில் எடுத்துக்கொள்ளும். ஆனால் கேபியை நாமே எழுதினால் அதுதான் இறுதி. ஸ்பைஸ் கையேட்டில் விதி தெளிவாக இருக்கிறது: விடிஓ, கேபி, காமா, ஃபை ஆகிய மாடல் அளவுகளை ப்ராசஸ் (சிப் தயாரிப்பு) அளவுகளிலிருந்து கணக்கிடலாம், பயனர் கொடுத்த மதிப்பு எப்போதும் அதை மீறும்.

சரி, கேபியை அழித்தேன். அப்போதும் அசையவில்லை. ஏனென்றால் டாக்ஸும் இல்லை. டாக்ஸ் இல்லாவிட்டால் லெவல் 1 யுஓவைத் திரும்பியே பார்க்காது, கேபிக்கு இயல்பான 20 மைக்ரோவை எடுத்துக்கொண்டு போய்விடும். ஒரே அமைப்பு இரண்டு வேறு காரணங்களால் செத்துக் கிடந்தது. முதல் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகும் விடை மாறாததால், முதல் காரணமே தப்பு என்று நினைத்து இன்னொரு நாள் வீணாக்கினேன்.

புகைவாசம் | செவ்வாய், மதியம் 1.40

நான் விழுந்த குழி குவார்ட்ஸ் ஆசிலேட்டர். இன்வெர்ட்டருக்கு (வீட்டு இன்வெர்ட்டர் இல்லை, லாஜிக் கேட்) குறுக்கே 1 மெகா ஓம். நான் போட்டது 1எம். ஸ்பைஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் ஒன்று, எம் என்றால் மில்லி. இன்வெர்ட்டரின் வாயும் வாலும் ஒரு மில்லிஓமில் கட்டிக் கிடந்தது, பாதி சப்ளையில் அசையாமல் தவம். மெகாவுக்கு "மெக்" என்று முழுசாக எழுத வேண்டும்.

சூப்பர் கெப்பாசிட்டருக்கு 1எஃப் என்று போட்டு, அது ஒரு ஃபெம்டோஃபாரட் ஆன கதை வேறு. அதை இன்னொரு நாள் சொல்கிறேன், அழுகை வரும்.

கீகேட்தோழி | செவ்வாய், மாலை 6.25

இழை இவ்வளவு தூரம் வந்துவிட்டதால் என்னைக் குழப்பியதையும் போடுகிறேன். இது என்ஜி ஸ்பைஸ், கீகேட் (சர்க்யூட் வரையும் மென்பொருள்) உள்ளே ஓடுவது.

பாடம் எடுப்பதற்காக மிக எளிய சர்க்யூட்: 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், குறுக்கே 10 கிலோ ஓம். ஒரு நொடி டைம் கான்ஸ்டன்ட். கெப்பாசிட்டர் 5 வோல்ட்டில் சார்ஜ் ஆகி இருந்து வடிவதைக் காட்ட வேண்டும். கெப்பாசிட்டர் வரியில் ஐசி=5 என்று எழுதினேன் (சிப் ஐசி அல்ல, தொடக்க நிலை). ரன் கொடுத்தேன். பூஜ்யத்தில் தட்டைக்கோடு.

யாரோ சொன்னார்கள் என்று புள்ளி ஐசி வரி (.ic) ஒன்றைத் தனியாகப் போட்டேன், அவசரத்தில் 3 வோல்ட் என்று. இப்போது 3இலிருந்து அழகாக இறங்குகிறது. ஆக கெப்பாசிட்டர் வரியில் உள்ளது வேலை செய்யாது, தனி வரிதான் வேலை செய்யும் என்று மாணவர்களுக்குச் சொல்லியும் கொடுத்துவிட்டேன். மறுவாரம் ஒரு மாணவி அதே ஃபைலில் டிரான்சியன்ட் வரியின் (நேரத்தோடு ஓட்டச் சொல்லும் வரி) கடைசியில் யுஐசி (தொடக்க நிலையைப் பயன்படுத்து) என்ற ஒரு சொல்லை மட்டும் சேர்த்துவிட்டு, "மேடம், எனக்கு 5இலிருந்து இறங்குகிறது" என்றாள். வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது.

நடப்பது இதுதான். யுஐசி இல்லாவிட்டால் மென்பொருள் முதலில் டிசி நிலையை, அதாவது எல்லாம் அசையாமல் நிற்கும் நிலையை, கணக்கிடும். புள்ளி ஐசி வரி அந்தக் கணக்கின்போது அந்த முனையைப் பிடித்துவைத்து, பிறகு விட்டுவிடும். கெப்பாசிட்டர் வரியில் உள்ள ஐசியை அது மதிப்பதே இல்லை. யுஐசி போட்டால் டிசி கணக்கே கிடையாது. அப்போது இரண்டும் படிக்கப்படும், இரண்டும் மோதினால் உறுப்பின் வரியில் எழுதியதற்கே முன்னுரிமை. ஆக ஒரு சொல் இருந்தால் 5, இல்லாவிட்டால் 3. இரண்டு எண்ணும் ஃபைலில்தான் இருக்கின்றன, யார் ஜெயிப்பது என்பதை மூன்றாவது இடத்தில் உள்ள ஒரு சொல் தீர்மானிக்கிறது.

உடனே எல்லாவற்றுக்கும் யுஐசி போடக் கிளம்பாதீர்கள். டிசி கணக்கைத் தவிர்த்துவிடுவதால், நீங்கள் சொல்லாத முனைகள் எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆம்ப்ளிஃபயரின் டிசி நிலை (பயாஸ்) நிலைபெறுவதற்குள் நீங்கள் கேட்ட நேரமே முடிந்துவிடலாம்.

டெஸ்ட்கேஸ் | செவ்வாய், மாலை 6.50

இதையும் "ஹெல்ப்பில் இருக்கிறது" என்று சொல்லப் போகிறீர்களா ஈயம் ஐயா?

ஈயம்70 | செவ்வாய், இரவு 8.10

இருக்கிறது :) ஆனால் ஒத்துக்கொள்கிறேன், இது கொஞ்சம் அநியாயம்தான். கெப்பாசிட்டர் மேல் எழுதிய எண்ணைப் பார்த்தால் யாரும் அது நடக்கும் என்றுதான் நம்புவார்கள்.

என்னிடம் கேட்டால், இரண்டு எண் மோதுவதை விட மோசமானது ஒன்று உண்டு. எண்ணே இல்லாத இடத்தில் ஒரு எண் இருப்பது. எல்டி ஸ்பைஸில் 10 மைக்ரோஹென்றி காயில், 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இணைத்து ஒரு தட்டுத் தட்டிப் பார். 50 கிலோஹெர்ட்ஸில் ஆடும். ரெசிஸ்டர் எதுவுமே போடவில்லை, ஆனால் 20 மில்லிநொடியில் அலை பாதிக்கும் கீழே போய்விடும். எங்கே போகிறது சக்தி? காயிலுக்கு நீ சீரிஸ் ரெசிஸ்டன்ஸ் கொடுக்காவிட்டால் அதுவாகவே 1 மில்லிஓம் வைத்துக்கொள்ளும், கணக்கு சுலபமாக வேண்டும் என்பதற்காக. இன்னொரு அமைப்பால் குறுக்கேயும் கொஞ்சம் தணிப்பு வரும். வேண்டாம் என்றால் ஆர்சீர்=0 (ஆர்சீர் என்பது அந்த சீரிஸ் ரெசிஸ்டன்ஸ்) என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கட்டத்தைக் காலியாக விடுவதும் பூஜ்யம் போடுவதும் ஒன்றல்ல.

அதிலும் ஒரு கிளைக்கதை. கே வரி எழுதி இரண்டு காயிலை டிரான்ஸ்ஃபார்மராக இணைத்தால், அந்தக் காயில்களுக்கு இந்த 1 மில்லிஓம் கிடையாது. காயில் வரியைத் தொடாமலே காயில் மாறிவிடுகிறது.

வேஃபர்பித்தன் | செவ்வாய், இரவு 8.32

இதற்கு மேல் இன்டக்ரேஷன் முறையை (நேரத்தில் படிப்படியாகக் கணக்கிடும் முறை) கியர் என்பதற்கு மாற்றினால் அதுவும் தன் பங்குக்குத் தணிக்கும். அதைத் திறந்தால் இழை இன்னும் மூன்று நாள் ஓடும், விட்டுவிடலாம்.

ஆறாவதுசெம் | செவ்வாய், இரவு 9.05

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய முடியாது. அடுத்த முறை வேறு ஒரு உறுப்பில் வேறு ஒரு மோதல் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈயம்70 | செவ்வாய், இரவு 9.30

நேற்று செய்தாயே அதேதான். நீ மாற்றிய எண்ணை எடுத்து பத்து மடங்கு ஆக்கு. விடை நகர்கிறதா? நகராவிட்டால் அந்த எண்ணை யாரும் படிக்கவில்லை. உன் மாடலில் ஐஎஸ்ஸைப் பத்து மடங்கு ஆக்கிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நல்ல டயோடில் அப்படிச் செய்தால் அதே கரண்டில் வோல்டேஜ் 0.1 அளவுக்கு இறங்க வேண்டும், உன்னுடையது அப்படியே நின்றிருக்கும்.

ரெக்டிஃபயருக்குள் வைத்துக்கொண்டு தேடாதே, உறுப்பைத் தனியாக வெளியே எடுத்து, ஒரு சோர்ஸ் கொடுத்துப் பார். ரிப்பேர் கடையில் சந்தேகப்படும் டயோடின் ஒரு காலைத் தூக்கிவிட்டுத்தான் மீட்டர் வைப்போம், போர்டில் இருக்கும்போது வைத்தால் பக்கத்தில் உள்ளதெல்லாம் சேர்ந்து பொய் சொல்லும். இங்கேயும் அப்படித்தான்.

டெஸ்ட்கேஸ் | செவ்வாய், இரவு 9.44

பத்து மடங்கு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வேஃபர்பித்தன் கதையில் அது பாதிதானே உதவும்? கேபி மறைக்கிறது என்று தெரிந்து அதை நீக்கிய பிறகும் யுஓ நகரவில்லை.

வேஃபர்பித்தன் | செவ்வாய், இரவு 9.58

உண்மை. "யாரும் படிக்கவில்லை" என்பது மட்டும்தான் தெரியும், ஏன் என்பது தெரியாது. அதற்கு ஹெல்ப்தான். நான் அன்று ஹெல்ப் திறக்காமல் எண்களை மாற்றிக்கொண்டே இருந்தேன், அதுதான் நடந்தது.

ஆறாவதுசெம் | புதன், காலை 7.10

ஆர்ஆனை அழித்து ஆர்எஸ்=0.5 போட்டேன். உச்சம் 4.35. ஆர்எஸ்=50 போட்டால் 4.15க்குக் கிட்ட இறங்குகிறது. ஐஎஸ்ஸைப் பத்து மடங்காக்கினேன், நகர்கிறது. ரெக்கார்டில் மூன்று கிராஃபும் ஒட்டிவிட்டேன். தப்பான மாடலை ஃபைலிலிருந்து நீக்கிவிடுகிறேன்.

ஈயம்70 | புதன், காலை 7.25

நீக்காதே. விஎஃப்டபிள்யூடி=0.65 சேர்த்து "ஐடியல்" என்று பெயர் வைத்துக்கொள். பெரிய ஸ்விட்சிங் சப்ளையை ஓட்டும்போது வளைவு டயோடு வேகத்தைக் குறைத்து உயிரை எடுக்கும், அப்போது இதைத் தேடுவாய்.

புகைவாசம் | புதன், காலை 7.31

தம்பி, ரெக்கார்டில் 4.9975 கிராஃபையும் ஒட்டினாயா இல்லையா?

ஆறாவதுசெம் | புதன், இரவு 8.20

ஒட்டினேன் அண்ணா. மேடம் அதைத்தான் முதலில் கேட்டார்கள். பத்து நிமிடம் விளக்கினேன், அப்புறம் அந்த ஃபைலை அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.